கலையா? கலமா?

இளம் அறிவியல் வேதியியல், மூன்றாம் ஆண்டு

நாற்காலி உட்காருவதற்கு, சிலை பார்ப்பதற்கு. குவளை குடிப்பதற்கு, ஓவியம் சுவரில் மாட்டுவதற்கு. இப்படிப் பயன்படுபொருள் ஒரு பக்கம், கலைப்பொருள் ஒரு பக்கம் என்று நாம் எல்லோருமே மனத்தில் ஒரு கோடு கிழித்து வைத்திருக்கிறோம். அந்தக் கோட்டினை அழிப்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட ஒரு கணவன் மனைவியைப் பற்றித்தான் இக்கட்டுரையில் கூறப் போகிறேன். கணவர் பிரான்சுவா சேவியர் லலான். மனைவி கிளோது லலான். இருவரும் பிரான்சு நாட்டுச் சிற்பிகள். கணவர் 2008 இலும் மனைவி 2019 இலும் மறைந்தனர். வேதியியல் படிப்பவனுக்குச் சிற்பத்தோடு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். சற்றுப் பொறுத்தால் அதற்கும் விடை கிடைக்கும்.

1964 ஆம் ஆண்டு பாரிசு நகரில் ஒரு சிறிய கலைக்கூடத்தில் இவ்விருவரின் முதல் கூட்டுக் கண்காட்சி நடைபெற்றது. அங்கே ஒரு காண்டாமிருகம் நின்றுகொண்டிருந்தது. உயிருள்ள காண்டாமிருகம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிது. உடல் முழுவதும் பித்தளைத் தகடு. அதன் விலாப்புறத்தைப் பிடித்துக் கீழே இறக்கினால் அதுவே எழுதுமேசையாகிவிடும். உள்ளே தாள்களும் பொருள்களும் வைக்க அறைகள். எழுதி முடித்து மூடிவிட்டால் மீண்டும் காண்டாமிருகம்தான்! அக்கண்காட்சியிலேயே மனைவி வைத்திருந்தது ஒரு முட்டைக்கோசு. உலோகத்தால் ஆன அந்தக் கோசுக்குக் கீழே இரண்டு கோழிக்கால்கள் முளைத்திருந்தன.

இதைத் தொடர்ந்து வந்தவை ஒரு விலங்குக் காட்சிசாலையையே நிரப்பும். நீலநிற நீர்யானை ஒன்று. அதன் உடலைத் திறந்தால் குளியல் தொட்டி. வாயைத் திறந்தால் முகம் கழுவும் பேசின். வார்ப்பிரும்பில் ஒரு பபூன் குரங்கு. வயிற்றுக் கதவைத் திறந்து விறகு போட்டால் குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கும் கணப்பு. நெஞ்சுக்குள் இரும்புப் பெட்டி வைத்த ஒரு கொரில்லா. தகர டப்பாவில் அடைத்த மத்தி மீன்களைப் போன்ற ஒரு கட்டில். ஆளுயரத்துக்குப் பெருக்கப்பட்ட ஓர் ஈ. அதன் உடலைத் தூக்கினால் கழிப்பறை இருக்கை. (விடுதியில் இதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, இந்தக் கடைசிப் பொருள் வந்ததும் நண்பர்கள் மற்ற எல்லாவற்றையும் மறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு எவ்வளவு முயன்றும் பேச்சைக் கலையின் பக்கம் திருப்ப என்னால் இயலவில்லை.)

பெயர்களிலும் விளையாட்டு உண்டு. பிரெஞ்சு மொழியில் காண்டாமிருகத்தை ‘ரினோசெரோஸ்’ என்பர். எழுதுமேசையைச் ‘செக்ரெத்தேர்’ என்பர். இரண்டையும் ஒட்டி ‘ரினோக்ரெத்தேர்’ என்று மேசைக்குப் பெயரிட்டார் லலான். கொரில்லாவுக்குள் இரும்புப் பெட்டியை வைத்தது வெறும் கிறுக்கு அன்று. பிரெஞ்சுப் பேச்சுவழக்கில் பெரிய மனிதர்களின் மெய்க்காவலனுக்குக் ‘கொரில்லா’ என்றுதான் பெயர். நம்மூரில் ஒருவன் ‘கோழிக்கோசு’ என்று ஒன்றைச் செய்து வைத்தால் அதைப் பார்க்கும் முன்பே பெயரைக் கேட்டுச் சிரிப்போம் அல்லவா? அந்தச் சிரிப்பும் அப்படைப்பின் ஒரு பகுதிதான்.

எல்லாவற்றினும் புகழ்பெற்றவை செம்மறி ஆடுகள். 1966 இல் பாரிசில் இளம் ஓவியர்களுக்காக நடத்தப்பட்ட கண்காட்சி ஒன்றில் பிரான்சுவா 24 ஆடுகளைக் கொண்டுபோய் நிறுத்தினார். உண்மையான கம்பளித்தோல் போர்த்திய உடல். கால்களின் அடியில் உருளைகள். சில ஆடுகளுக்கு உலோகத்தில் தலை உண்டு. மற்றவை தலையில்லாத இருக்கைகள். மந்தையாக நின்றால் ஆடுகள். அறையில் பிரித்துப் போட்டால் மனிதர் அமரும் ஆசனங்கள். விருந்தினர் வந்தால் உருட்டிக் கொண்டுவரலாம், போனதும் மூலையில் ‘மேய’ விட்டுவிடலாம். நகரத்து வீட்டில் உயிருள்ள ஆட்டினை வைத்துக்கொள்வதைக் காட்டிலும் சிற்ப ஆடு வசதியானது, அதன்மேல் உட்காரவும் முடிந்தால் இன்னும் நல்லது என்று அவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அந்த மந்தைக்கு அவர் முதலில் இட்ட பெயர் ‘பாலிபீமசுக்காக’ என்பது. கிரேக்கப் பெருங்காப்பியமான ஒடிசியில் பாலிபீமசு என்னும் ஒற்றைக்கண் அரக்கன் யுலிசீசையும் அவன் தோழர்களையும் குகையில் அடைத்துவிடுகிறான். அவர்கள் அரக்கனின் கண்ணைக் குருடாக்கிவிட்டு, அவன் வளர்த்த ஆடுகளின் வயிற்றோடு ஒட்டித் தொங்கிக்கொண்டு வெளியே தப்புகிறார்கள். அரக்கன் ஆடுகளின் முதுகை மட்டும் தடவிப் பார்த்து ஏமாறுகிறான். ஆடு என்று தடவினால் உள்ளே மனிதன்! லலானின் மந்தையிலோ ஆடு என்று பார்த்தால் உள்ளே ஆசனம். இந்தக் கதையை அறிந்தபின்தான் அந்தத் தலைப்பின் பொருத்தம் எனக்கு விளங்கியது.

இனி, இதில் சிரிப்பதற்கு மட்டும்தான் இடம் உண்டா, சிந்திப்பதற்கும் ஏதேனும் உண்டா என்று பார்க்க வேண்டும். பயன்படும் பொருள் கலையாக முடியுமா என்னும் கேள்வி அந்நாளில் வெறும் பட்டிமன்றத் தலைப்பாக இருக்கவில்லை. அது ஒருமுறை நீதிமன்றத்துக்கே போயிருக்கிறது. அந்த வழக்கின் நாயகர் லலானின் பக்கத்து வீட்டுக்காரர்.

பாரிசில் ரோன்சான் சந்து என்று ஒரு முட்டுச்சந்து இருந்தது. ஏழைக் கலைஞர்கள் பலர் அங்கே பட்டறை வைத்திருந்தனர். லலான் இளைஞராக அங்கே குடியேறியபோது, ருமேனியாவிலிருந்து வந்து உலகப்புகழ் பெற்றிருந்த முதிய சிற்பி பிரன்கூசி அதே சந்தில் வாழ்ந்துவந்தார். 1926 இல் பிரன்கூசியின் ‘வெளியில் பறவை’ என்னும் வெண்கலச் சிற்பம் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. அதற்குச் சிறகும் இல்லை, அலகும் இல்லை. மேல்நோக்கி எழும் ஒரு நீண்ட மெருகிட்ட வளைவு மட்டுமே. அமெரிக்கச் சட்டப்படி சிற்பங்களுக்குச் சுங்கவரி கிடையாது. ஆனால் நியூயார்க்கு சுங்க அதிகாரிகள் அதைச் சிற்பம் என்று ஒப்புக்கொள்ளவில்லை. சமையலறைச் சாமான்களும் மருத்துவமனைச் சாமான்களும் அடங்கிய பட்டியலில் சேர்த்து, நூற்றுக்கு 40 வீதம் வரி விதித்தார்கள்! வழக்கு நடந்தது. 1928 நவம்பரில் அது கலைப்படைப்பே என்று தீர்ப்பு வந்தது.

பிரன்கூசி வென்றார். ஆனால் எதனால் வென்றார் என்பதைக் கவனியுங்கள். 1922 ஆம் ஆண்டின் அந்தச் சுங்கச் சட்டத்தில், பயன்பாட்டுப் பொருள் எதுவும் சிற்பம் என்னும் சொல்லில் அடங்காது என்று தெளிவாகவே எழுதியிருந்தது. அப்பறவையால் எந்தப் பயனும் இல்லை என்பதும் அதன் வெற்றிக்குத் துணைசெய்தது. அதில் குடையைச் செருகி வைக்கலாம் என்று யாராவது சாட்சி சொல்லியிருந்தால் கதை மாறியிருக்கக்கூடும்! அப்படிப்பட்ட வழக்கு நடந்து நாற்பது ஆண்டுகூட நிறைவதற்குள், அதே சந்தில் வளர்ந்த ஓர் இளைஞர் ‘இது சிற்பம், இதில் குளிக்கலாம்’ என்று சொல்லத் துணிந்தார் என்றால் அதன் துணிச்சல் சிறிதன்று.

ஓவியர் டாலி 1938 வாக்கிலேயே தொலைபேசியின் மேல் கடல் நண்டினத்தைச் சேர்ந்த சிங்க இறாலின் உருவத்தைப் பொருத்தி ஒரு வேடிக்கை செய்திருக்கிறார் என்பதை இங்கே சொல்ல வேண்டும். ஆனால் டாலியின் தொலைபேசியைக் காதில் வைக்கவே கூச்சமாக இருக்கும். அந்த அருவருப்புத்தான் அவர் நோக்கம். லலானின் ஆடோ நம்மை வா, உட்கார் என்று அழைக்கிறது. எனக்கு இரண்டாவதே மேலாகத் தோன்றுகிறது.

எகிப்து, அசீரியா முதலிய பழைய நாகரிகங்களின் சிற்பங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும் வாய்ப்பு லலானுக்கு இளமையில் கிடைத்திருந்தது. எப்படி? பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் அப்பகுதியில் அவர் சிலகாலம் காவலாளியாக வேலை பார்த்தார்! பழைய உலகில் கலையும் கலமும் இவ்வளவு பிரிந்து கிடக்கவில்லை என்பதை அவர் அங்கே கண்டிருக்க வேண்டும் என்று நான் ஊகிக்கிறேன். நமக்கு இதை அறிய லூவருக்குப் போகவேண்டியதில்லை. கோயிலில் கையில் அகலேந்தி நிற்கும் பாவை விளக்கு சிலையா, விளக்கா? பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் கிடக்கும் கிளி வடிவப் பாக்குவெட்டி கலைப்பொருளா, கருவியா? நம் முன்னோர் இந்தக் கேள்வியைக் கேட்டதாகவே தெரியவில்லை. எண்ணெய் ஊற்றினார்கள், பாக்கு வெட்டினார்கள்.

இப்போது வேதியியலுக்கு வருகிறேன். கணவர் தகட்டை வெட்டிப் பற்றவைத்துப் பெரிய விலங்குகளைச் செய்தார் என்றால், மனைவி கிளோது தேர்ந்தெடுத்த வழி மின்னாற்பகுப்பு. உண்மையான முட்டைக்கோசு இலை, மரத்தின் கிளை, பூ இவற்றைச் செம்பாக மாற்றினார். ‘மாற்றினார்’ என்று நான் எழுதுவது இரசவாதம் போலத் தோன்றலாம். நம் ஆய்வுக்கூடத்தில் ஒரு சாவியைச் செம்புச் சல்பேட்டுக் கரைசலில் தொங்கவிட்டு மின்முலாம் பூசுகிறோமே, அடிப்படை அதுதான். செம்புத் தகடு நேர்மின்வாய். முலாம் ஏறவேண்டிய பொருள் எதிர்மின்வாய். மின்னோட்டம் செல்லச் செல்லத் தகட்டிலிருந்து செம்பு கரைந்து அயனிகளாக வந்து பொருளின்மேல் படிகிறது.

ஆனால் சாவி உலோகம். இலை உலோகம் அன்று. அதில் மின்சாரம் பாயாது. ஆகவே இலையின்மேல் கிராபைட்டுத் தூள் போன்ற மின்கடத்தும் பூச்சு ஒன்றை முதலில் மெல்லியதாக ஏற்ற வேண்டும். பூச்சு கனத்துவிட்டால் இலையின் நரம்புகள் மறைந்துபோகும். விட்டுப்போன இடத்தில் செம்பு ஏறாது. இரண்டாவது வேறுபாடு தடிப்பு. முலாம் என்பது மயிரிழைக்கும் குறைவான படலம். சிற்பத்துக்கு அது போதாது. தானே தாங்கி நிற்கும் அளவுக்குச் செம்பு சேரவேண்டும். பாரடே விதியைக் கொண்டு நான் கணக்கிட்டுப் பார்த்தேன். ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புக்கு 0.03 ஆம்பியர் வீதம் மின்னோட்டம் செலுத்தினால், 1 மில்லிமீட்டர் தடிப்புக்குச் செம்பு படிய ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகிறது. அவசரப்பட்டு மின்னோட்டத்தைக் கூட்டினால் ஓரங்களில் செம்பு பரு பருவாகப் புடைத்து, படலமும் சொரசொரப்பாகி உதிரும். ஒரு கோசு இலைக்கு ஒரு பகலும் ஓர் இரவும் தொட்டியருகே காத்திருக்க வேண்டும் என்பதே இதன் பொருள். அதன்பின் உள்ளே இருக்கும் இலையை எரித்து நீக்கிவிடலாம். இலை போய்விடும், அதன் ஒவ்வொரு நரம்பும் செம்பில் நிற்கும்.

இந்த முறையைச் சென் பீட்டர்சுபர்கில் யாக்கோபி என்னும் அறிவியலறிஞர் 1838 இல் கண்டறிந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பதக்கங்களுக்கும் அச்சுத் தகடுகளுக்கும் படி எடுக்க அது பெரிதும் பயன்பட்டது. அதாவது, ஒன்றைப் போலவே நூறு செய்யும் தொழிற்சாலை வழி அது. கிளோது அதைத் தலைகீழாக்கினார் எனலாம். ஓர் இலையைப் போல இன்னோர் இலை இராது; ஆதலால் அவர் தொட்டியிலிருந்து எழும் பொருளும் ஒன்றைப்போல் மற்றொன்று இராது. விலங்குக் காட்சிசாலையில் இறந்த ஒரு முதலையின் உடலைப் பெற்று அதன் தோலிலிருந்து படி எடுத்து, முதலை தழுவிய நாற்காலிகளையும் அவர் செய்திருக்கிறார். ஆடையலங்காரக் கலைஞர் ஈவ் சேன் லோரானின் வீட்டுக்காக 1974 முதல் சில ஆண்டுகளில் செம்புக் கிளைகளும் இலைகளும் சூழ்ந்த 15 நிலைக்கண்ணாடிகளைச் செய்து கொடுத்தார். தலைக்குப் பதில் முட்டைக்கோசு வைத்த ஓர் ஆண் சிலையைப் பாடகர் செர்ஜ் கேன்ஸ்பூர் வாங்கிப்போய், அச்சிலையின் பெயரிலேயே 1976 இல் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார்.

வார்த்துச் செய்யும் பொருளின் கதை வேறு. அச்சு ஒன்று இருந்தால் எட்டும் செய்யலாம், எண்ணாயிரமும் செய்யலாம். பிறகு ஏன் ‘இத்தனைதான்’ என்று எண்ணிக்கை வைக்கிறார்கள்? இதற்கும் விடை சட்டத்திலும் வரியிலும்தான் கிடக்கிறது. கலைஞரோ அவருடைய வாரிசோ மேற்பார்க்க, 8 படிகளுக்கு மிகாமல் வார்க்கப்பட்ட சிற்பத்தையே பிரெஞ்சு வரிச்சட்டம் கலைப்படைப்பாக ஏற்கிறது. இவற்றோடு கலைஞருக்கென்று 4 படிகள் வைத்துக்கொள்வது வழக்கம். ஆக 12. ஒவ்வொன்றிலும் 3/8, 5/8 என்று எண் பொறிக்கப்படும். இதற்குமேல் வார்த்தால் அது வெறும் சரக்கு! லலான் தம்பதியரின் பல படைப்புகள் இந்தக் கணக்கில் வந்தவையே. தோட்டத்தில் நிறுத்துவதற்காகச் செயற்கைக் கல்லும் வெண்கலமும் கொண்டு 1979 முதல் செய்யப்பட்ட ஆடுகளோ 250 என்ற எண்ணிக்கையில் திட்டமிடப்பட்டன. ஆடு அல்லவா, மந்தை பெருகத்தானே வேண்டும்!

எண்ணிக்கை குறைந்தால் விலை ஏறும் என்பதைப் பொருளியல் துறை நண்பர்கள் எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. இருவரும் மறைந்தபின், 2019 அக்டோபரில், பாரிசுக்கு வெளியே ஊரி என்னும் சிற்றூரில் அவர்கள் வாழ்ந்த வீட்டுப் பொருள்கள் ஏலத்துக்கு வந்தன. இரண்டு நாளில் 9 கோடியே 13 இலட்சம் யூரோ சேர்ந்தது. 1964 இல் முதல் கண்காட்சியில் நின்ற அந்தக் காண்டாமிருகம் 2023 அக்டோபரில் பாரிசில் ஏறத்தாழ 1 கோடியே 83 இலட்சம் யூரோவுக்கு விலைபோனது. மேசை ஒன்றின் விலை இது.

இங்கேதான் எனக்கு ஓர் உறுத்தல். இத்தனை கோடி கொடுத்து வாங்கியவர் அந்த மேசையின்மேல் தேநீர்க் கோப்பையை வைப்பாரா? தம் பேரக்குழந்தை கம்பளி ஆட்டின்மேல் ஏறிக் குதிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாரா? இருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். கலையை மேடையிலிருந்து இறக்கிக் கூடத்துக்குக் கொண்டுவந்தவர் லலான். பணம் அதை மீண்டும் மேடையில் ஏற்றிவிட்டது. ‘பயன் உண்டு, ஆகவே கலையன்று’ என்றது பழைய சட்டம். ‘விலை உண்டு, ஆகவே பயன்படுத்தாதே’ என்கிறது புதிய சந்தை. இரண்டில் எது கொடிது என்று சொல்வது கடினம். இதைப் பற்றி நான் வாதிட்டபோது நண்பர் ஒருவர், ‘அருங்காட்சியகத்தில் இருந்தால் ஆயிரம் பேர் பார்க்கலாமே, வீட்டில் இருந்தால் நாலுபேர்தானே உட்காருவார்கள்’ என்று மடக்கினார். நல்ல கேள்விதான். ஆயினும் உட்காரச் செய்த ஒன்றைப் பார்த்துவிட்டு வருவது, விருந்துக்குப் போய் இலையை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து வருவது போல எனக்குப் படுகிறது.

எண் பொறிக்காத ஒன்றையும் அவர்கள் செய்தார்கள். பாரிசு நகரின் நடுவே, முன்பு பெரிய காய்கறிச் சந்தை இருந்த லே ஆல் பகுதியில், 1980களில் குழந்தைகளுக்கென்றே ஒரு தோட்டம் அமைக்கப்பட்டது. அதை வடிவமைத்தவர் கிளோது. குழந்தைகள் ஏறவும் நுழையவும் ஒளியவும் சறுக்கவும் தக்க உருவங்கள் அதில் இருந்தன. பல ஆண்டுகள் பாரிசுப் பிள்ளைகள் லலானின் கலைமேல் ஏறி விளையாடினார்கள். 2010க்குப் பின் அந்தப் பகுதி முழுவதையும் புதுப்பிக்கும் வேலை தொடங்கியபோது, பலர் எதிர்த்தும் கேளாமல், அந்தத் தோட்டம் இடித்து அகற்றப்பட்டது.